லாஸ் ஏஞ்சலிஸ் புகைமூட்டமும் காலநிலை மாற்றமும்

லாஸ் ஏஞ்சலிஸ் புகைமூட்டம் என்பது அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்திலுள்ள லாஸ் ஏஞ்சலிஸ் பெருநகரையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் 1940களிலிருந்து பாதித்துவரும் ஒளிவேதிக் காற்று மாசு ஆகும். இதன் முதன்மை நச்சு தரைமட்ட ஓசோன். வாகனப் புகையிலிருந்து பிறந்து வெயிலில் வலுக்கும் இம்மாசு, புவி வெப்பமாவதால் நகரக் காற்று எவ்வாறு கெடுகிறது என்பதைத் தெளிவாகக் காட்டுகிறது.

கண்டறிதல்

1943 ஜூலையில் நகரைச் சூழ்ந்த புகையால் மக்களின் கண்கள் எரிந்தன. போர்க்காலமாதலால், எதிரியின் வேதித் தாக்குதலோ என்று பலர் அஞ்சினர். செயற்கை ரப்பருக்கான மூலப்பொருளைத் தயாரித்த ஆலையின் மீது பழி விழுந்தது. அது மூடப்பட்டபோதும் புகை ஓயவில்லை. நெதர்லாந்தில் பிறந்த வேதியியலாளர் ஆரி ஹாகன்-ஸ்மிட், வாகனங்களும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் வெளியிடும் வளிமங்கள் வெயிலில் வினைபுரிந்து ஓசோனாவதை 1950களின் தொடக்கத்தில் நிறுவினார். ஓசோன் பட்டால் ரப்பர் வெடிக்கும். எனவே வளைத்துக் கட்டிய ரப்பர் பட்டைகளைக் காற்றில் வைத்து, அவற்றில் வெடிப்பு விழ ஆகும் நேரத்தைக் கொண்டே ஓசோனின் அளவை அவர் மதிப்பிட்டார்.

உருவாகும் விதம்

எஞ்சின் புகையிலுள்ள நைட்ரஜன் டையாக்சைடை வெயில் பிளக்கிறது. பிரிந்துவரும் ஆக்சிஜன் அணு, காற்றிலுள்ள ஆக்சிஜன் மூலக்கூறுடன் சேர்ந்து ஓசோனாகிறது. பெட்ரோல் ஆவி போன்ற கரிமச் சேர்மங்கள் இவ்வினையைப் பெருக்குகின்றன. மேலே படியும் வெப்பக் காற்றடுக்கு மாசை எழவிடாமல் அமுக்குகிறது. சான் கேப்ரியல் மலைகள் அதை வெளியேறவிடாமல் மறிக்கின்றன. கடற்காற்று மாசை உள்நாட்டுப் பக்கம் தள்ளுவதால் ரிவர்சைடு, சான் பெர்னார்டினோ பகுதிகள் கடுமையாகப் பாதிக்கப்படுகின்றன.

கட்டுப்பாடு

கலிஃபோர்னியா காற்று வள வாரியம் 1967இல் உருவானது. 1970இல் அமெரிக்கத் தூய காற்றுச் சட்டம் வலுப்படுத்தப்பட்டது. 1975 முதல் புதிய கார்களில், புகையிலுள்ள நச்சு வளிமங்களைக் குறைக்கும் வினையூக்கி மாற்றிகள் பொருத்தப்பட்டன. கார்கள் பெருகியபோதும் ஓசோன் உச்ச அளவு வெகுவாகக் குறைந்தது. ஆனால் இம்மாற்றி கார்பன் டையாக்சைடைக் குறைப்பதில்லை. நச்சான கார்பன் மோனாக்சைடையும் அது கார்பன் டையாக்சைடாகவே மாற்றி வெளியே விடுகிறது.

காலநிலை மாற்றத்தின் தாக்கம்

அந்தக் கார்பன் டையாக்சைடு கூட்டும் வெப்பம் இன்று ஓசோனை மீண்டும் வளர்க்கிறது. வெப்பம் மிகுந்தால் வேதிவினைகள் விரைவாகின்றன, பெட்ரோல் கூடுதலாக ஆவியாகிறது, மரங்களும் ஐசோபிரீன் என்னும் கரிமச் சேர்மத்தை மிகுதியாக வெளியிடுகின்றன. காற்றசைவற்ற வெப்ப அலை நாட்களில் மாசு கலையாமல் தங்குகிறது. 2020 செப்டம்பர் 6 அன்று நகரின் உட்லேண்டு ஹில்ஸ் பகுதியில் 49.4 பாகை செல்சியசு வெப்பம் பதிவானது. அதே நாளில் நகர மையத்தில் ஓசோன் பல ஆண்டுகளில் காணாத உயரத்தைத் தொட்டது. வறட்சியால் பெருகும் காட்டுத்தீ ஓசோனுடன் நுண்துகள்களையும் சேர்க்கிறது. ஓசோன் நுரையீரலை அழற்றி ஆஸ்துமாவைத் தூண்டுகிறது; நுண்துகள்கள் குருதியிலும் கலக்கின்றன. குழந்தைகளும் முதியோரும் வெளியில் உழைப்போரும் முதலில் பாதிக்கப்படுகின்றனர்.

தீர்வு

நைட்ரஜன் ஆக்சைடும் கார்பன் டையாக்சைடும் பெரும்பாலும் ஒரே எரிபொருளிலிருந்து வருகின்றன. புகைக்குழாயில் புகையைத் தூய்மைப்படுத்துவது நைட்ரஜன் ஆக்சைடை மட்டுமே குறைக்கும். எரிபொருள் எரிப்பதையே குறைக்கும் பொதுப் போக்குவரத்து, மின் வாகனங்கள், தூய மின்சாரம் ஆகியவை இரண்டையும் சேர்த்துக் குறைக்கும்.