குண்டு கிராமம்

கடலூர் வட்டாரத்தில் 'குண்டு கிராமம்' என்றால் பீரங்கிக் குண்டு எல்லை வகுத்த ஊர் என்று பொருள். 1690-இல் தேவனாம்பட்டினத்துக் கோட்டையைச் செஞ்சியில் இருந்த மராத்திய மன்னர் இராஜாராமிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி விலைக்கு வாங்கியது. கோட்டையிலிருந்து சுட்டால் குண்டு எட்டும் தூரம்வரை உள்ள நிலமும் சேர்த்தி என்பது பேரம். சென்னையிலிருந்து நல்ல பித்தளைப் பீரங்கி வரவழைத்து, செப்டம்பரில் திசைதோறும் சுட்டார்கள். கடலூர் நகரமே அந்த வட்டத்துக்குள் போனது. ஊர்க்குடிகள் அந்தப் பேரத்தில் ஒரு தரப்பே இல்லை என்பதுதான் இன்றும் உறுத்துகிறது.

பழந்தமிழில் 'குண்டு' ஆழத்தைக் குறித்தது. ஆழமான அகழியையும் சுனையையும் சங்கப் புலவர்கள் அச்சொல்லால் சுட்டினர். பீரங்கியின் இரும்பு உருண்டைக்கு அது பெயரானது பிற்காலத்தில்.

தேவனாம்பட்டினத்துக் கோட்டைக்குக் கம்பெனி சூட்டிய பெயர் செயின்ட் டேவிட். வேல்ஸ் நாட்டின் காவல் புனிதர் அவர். மார்ச் 1 அவருடைய திருநாள். அப்போது சென்னை ஆளுநராக இருந்த எலிஹு யேல் வேல்ஸ் வழிவந்தவர், அங்குள்ள ரெக்ஸம் தேவாலய வளாகத்தில் அடக்கமானவர். அதனால் வந்த பெயர் என்பது பரவலான விளக்கம். சென்னையில் சிறுவயதிலேயே இறந்த யேலின் மகன் பெயரும் டேவிட். தந்தையின் துயரமும் அப்பெயரில் கலந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

கெடிலம் ஆற்றங்கரையில் கோட்டை இடிந்துவிட்டது. குண்டு சாலை, குண்டு உப்பலவாடி என்ற பெயர்கள் வழக்கில் இருக்கின்றன.