ஐரோப்பாவில் இளம் சமூகத் தொழில்முனைவோர் வலையமைப்புகள்

வேலையின்மை, முதியோர் பராமரிப்பு, சுற்றுச்சூழல் சீர்கேடு போன்ற சிக்கல்களுக்குத் தொழில் நடத்தித் தீர்வு காண முயல்வோர் சமூகத் தொழில்முனைவோர் எனப்படுகின்றனர். தொழிலில் கிடைக்கும் இலாபத்தின் பெரும்பகுதியை இவர்கள் அதே பணிக்கே திருப்பிவிடுகின்றனர். ஐரோப்பாவின் இளம் சமூகத் தொழில்முனைவோர் நாட்டு எல்லைகளைக் கடந்து ஒன்றிணைந்தபோது, அந்த வலையமைப்பு யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி எழுந்தது.

பின்னணி

இம்முயற்சிகளுக்குக் கூட்டுறவு இயக்கமே முன்னோடி. 1844-இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 28 பேர் சேர்ந்து ஒரு கூட்டுறவுக் கடையைத் தொடங்கினர். இட்ட பணம் எவ்வளவாயினும் ஓர் உறுப்பினருக்கு ஒரு வாக்கு என்பது அதன் விதிகளுள் ஒன்று.

இத்தாலி 1991-இல் சமூகக் கூட்டுறவுகளுக்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. இச்சட்டப்படி நலிந்த பிரிவினருக்கு வேலை தரும் கூட்டுறவுகளில், பணியாளருள் குறைந்தது 30 விழுக்காட்டினர் அப்பிரிவினராக இருக்க வேண்டும். பிரான்சு 2001-இல் பொதுநலக் கூட்டுறவு என்ற வடிவத்தை உருவாக்கியது. பிரித்தானியாவில் மைக்கேல் யங் 1997-இல் சமூகத் தொழில்முனைவோருக்கான பயிற்சிப் பள்ளியை இலண்டனில் நிறுவினார். அந்நாட்டில் சமூகநல நிறுவனம் என்ற சட்ட வடிவம் 2005-இல் நடைமுறைக்கு வந்தது.

எல்லை தாண்டுவதில் இருந்த தடை

ஒவ்வொரு நாடும் தனக்கென ஒரு வடிவத்தை வகுத்துக்கொண்டதால், ரோமில் பதிவான ஒரு சமூகக் கூட்டுறவின் தகுதி பாரிசிலோ இலண்டனிலோ தானாகச் செல்லுபடியாகவில்லை. 2003-இல் ஐரோப்பிய ஒன்றியம் 'ஐரோப்பியக் கூட்டுறவுச் சங்கம்' என்ற பொது வடிவத்தை அறிமுகப்படுத்தியது. ஆனால் அதற்குக் குறைந்தது 30,000 யூரோ மூலதனம் வேண்டும். தொழில் தொடங்கும் இளைஞர்களுக்கு இது எளிய தொகை அன்று. எனவே சட்டத்தின் வழியே கைகூடாத இணைப்பை அவர்கள் நேரடிப் பழக்கத்தின் வழியே தேடினர்.

இலண்டன் ஹப்

2005-இல் ஜோனதன் ராபின்சனும் நண்பர்களும் இலண்டனின் இஸ்லிங்டன் பகுதியில், ஒரு பழைய கட்டடத்தின் மேல்தளத்தில் 'தி ஹப்' என்ற பொதுப் பணியிடத்தைத் திறந்தனர். தனி அலுவலகம் அமைக்க வசதியற்றவர்கள் கட்டணம் செலுத்தி, மேசையையும் இணைய வசதியையும் பகிர்ந்துகொண்டனர். உறுப்பினர்களை ஒருவருக்கொருவர் அறிமுகம் செய்துவைப்பதற்கென்றே அங்கு ஒருவர் பணியாற்றினார். இந்த முறை பரவி, ஐரோப்பாவின் பிற நகரங்களிலும் ஹப்கள் தோன்றின.

உரிமைச் சிக்கல்

வளர்ச்சியோடு பூசலும் வந்தது. பெயரின் உரிமை மைய நிறுவனத்திடம் இருந்தது. புதிய ஹப்கள் அதற்கு உரிமக் கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. சொந்த உழைப்பாலும் கடனாலும் உள்ளூரில் ஹப்களை எழுப்பியவர்கள், கட்டணத்துக்கு ஈடான பயன் கிடைக்கவில்லை என்றும், முடிவெடுப்பதில் தங்களுக்குப் பங்கில்லை என்றும் குறைகூறினர். வலையமைப்பே உடையும் நிலை உருவானது.

நீண்ட பேச்சுக்குப் பின் 2011-இல் ஹப்கள் அனைத்தும் உறுப்பினராக உள்ள சங்கம் வியன்னாவைத் தலைமையிடமாகக் கொண்டு அமைந்தது. பெரிய நகரமாயினும் சிறிய நகரமாயினும் ஒரு ஹப்புக்கு ஒரு வாக்கு. பொதுச் சேவைகளை நடத்தும் நிறுவனம் இச்சங்கத்தின் உடைமையானது. 2013-இல் 'இம்பாக்ட் ஹப்' என்ற பெயர் ஏற்கப்பட்டது. பின்னர் இவ்வலையமைப்பு பிற கண்டங்களுக்கும் விரிந்து, நூற்றுக்கும் மேற்பட்ட மையங்களைக் கொண்டதாக வளர்ந்தது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் பங்கு

ஐரோப்பிய ஆணையம் 2009-இல் இளம் தொழில்முனைவோருக்கான எராஸ்மஸ் திட்டத்தைத் தொடங்கியது. இதன்படி புதிதாகத் தொழில் தொடங்குபவர், வேறொரு நாட்டின் அனுபவமிக்க தொழில்முனைவோரிடம் ஒன்று முதல் ஆறு மாதங்கள் வரை தங்கிக் கற்கலாம். சமூகத் தொழில்களுக்கு நிதியும் சட்டச் சூழலும் மேம்பட வழிகோலும் தனித் திட்டம் 2011 அக்டோபரில் வெளியானது. 2014 சனவரியில் பிரான்சின் ஸ்திராஸ்பூர்க் நகரில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் கூடி, சமூகத் தொழில்களுக்கு ஆதரவு கோரும் அறிக்கையை வெளியிட்டனர்.

மதிப்பீடு

அரசுத் திட்டங்கள் பயணச் செலவையும் பயிற்சியையும் தந்தன. பொதுப் பணியிடங்கள் பழகும் வாய்ப்பைத் தந்தன. ஆனால் உறுப்பினர்களிடையே நம்பிக்கை குலைந்தபோது ஹப் வலையமைப்பைக் காத்தது நிருவாக உரிமையைப் பகிர்ந்துகொண்டதே ஆகும். அதற்கு ஏறத்தாழ 170 ஆண்டுகளுக்கு முன் ராச்டேல் கூட்டுறவாளர்கள் கைக்கொண்ட சமவாக்கு விதிக்கே இவ்விளைஞர்களும் வந்து சேர்ந்தனர்.