எட்டு பிட் சாவியும் நாற்பது பிட் சட்டமும்

புளூடூத் இணைப்பில் தரவை மறையாக்கம் செய்யத் தொடங்குமுன், சாவியின் வலிமை பற்றி இரு கருவிகளும் ஒரு பேரம் நடத்துகின்றன. ஒன்று 16 பைட் கேட்கும். மற்றது சம்மதிக்கும், அல்லது குறைத்துக் கேட்கும். கிளாசிக் புளூடூத்தின் தரவிதிப்படி 2019 வரை இந்தப் பேரம் 1 பைட் வரை இறங்கலாம் என்றிருந்தது. அது நடக்கும் வேளையில் மறையாக்கம் இல்லை. வந்த செய்தியை அனுப்பியவர் யார் என்று சரிபார்க்கும் ஏற்பாடும் இல்லை. அந்த விதி நடப்பில் இருந்தபோது மதுரை மாட்டுத்தாவணி பேருந்து நிலையத்தில் ஒருவர் காதில் மாட்டும் கருவியைத் தம் போனோடு இணைக்கிறார் என்று கொள்வோம். அலை எட்டும் தூரத்தில் இருக்கும் இன்னொருவர், போன் அனுப்பிய 16 என்ற எண்ணை இடைமறித்து 1 ஆக்கிவிட்டால், இரு சிப்புகளும் அதற்கே உடன்பட்டுவிடும். திரையில் எச்சரிக்கை எதுவும் வராது. மிஞ்சுவது 8 பிட் வலிமை, அதாவது 256 சாவிகள். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கக் கணினிக்கு நொடி நேரம்கூட வேண்டாம்.

டானியேலே அன்டோனியோலி, நில்ஸ் ஓலே டிப்பன்ஹவர், காஸ்பர் ராஸ்முசன் ஆகிய மூவரும் 2019 ஆகஸ்டில் 'நாப்' என்ற பெயரில் இந்தத் தாக்குதலை வெளியிட்டார்கள். 17க்கும் மேற்பட்ட வகைச் சிப்புகளில் செய்து காட்டிய அந்த ஆய்வின் தொழில்நுட்ப முடிவில் மறுக்க ஒன்றுமில்லை. பேரத்துக்கு அவர்கள் சொல்லும் வரலாற்றுக் காரணமே மறுபரிசீலனைக்கு உரியது. பல நாடுகளின் மறையாக்கச் சட்டங்களுக்கு ஈடுகொடுக்கவும், பின்னாளில் பாதுகாப்பை உயர்த்தவும் இந்தப் பேரம் வைக்கப்பட்டது என்பது அவர்கள் தரும் விளக்கம். புளூடூத் தர ஆவணமே சொல்லும் காரணத்தை அவர்கள் அப்படியே ஏற்றிருக்கிறார்கள். பின்னர் எழுதியவர்களில் பலரும் அதையே திருப்பிச் சொன்னதால், 1 பைட் சாவி ஏதோ பழைய சட்டம் விட்டுச்சென்ற மிச்சம் என்ற எண்ணம் ஊன்றிவிட்டது.

தொடக்ககாலப் பதிப்புகளிலிருந்தே தொடர்ந்து வரும் அந்த ஆவணப் பகுதியை நிறுத்திப் படிக்க வேண்டும். அது இரண்டு காரணங்களைச் சொல்கிறது: ஏற்றுமதி விதிகளும் தனியுரிமை பற்றிய அரசுகளின் போக்கும் நாட்டுக்கு நாடு வேறுபடுவது ஒன்று, எதிரியின் கணினி வலுக்கும்போது வன்பொருளை மாற்றாமல் சாவியை நீட்ட வசதி வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டுமே மேலெல்லையைப் பற்றியவை. சாவி எவ்வளவு சிறியதாக இருக்கலாம் என்ற கேள்விக்கு இரண்டிலும் விடை இல்லை. அதே ஆவணம் வேறோர் இடத்தில், ஏற்கத்தக்க மிகக் குறைந்த அளவை அந்தந்தப் பயன்பாடே வகுத்துக்கொள்ளும் என்று சொல்லி நகர்ந்துவிடுகிறது. நாப் விவாதத்தில் இந்த வரிக்கு உரிய கவனம் கிடைக்கவில்லை.

சட்டம் விதித்தது உச்சவரம்பு. இந்தியாவே இதற்குச் சாட்சி. 1998இல் இணையச் சேவை தனியாருக்குத் திறக்கப்பட்டபோது வந்த உரிம நிபந்தனை, 40 பிட் வரையிலான சாவியை முன் அனுமதியின்றிப் பயன்படுத்தலாம் என்றது. அதைத் தாண்டினால் அனுமதி பெற்று, சாவியை இரண்டாகப் பிரித்து அரசிடம் ஒப்படைக்க வேண்டும். அமெரிக்க ஏற்றுமதி விதியிலும், 1998 பிரெஞ்சு ஆணையிலும் தொல்லையில்லாமல் அனுமதித்த அளவு அதே 40 பிட்தான். 40 பிட் என்றால் 5 பைட். மறையாக்கமே கூடாது என்ற நாட்டுக்கு அதை முழுதாக அணைத்துவிடவும் புளூடூத்தில் வழி இருந்தது. அப்படியானால் 1 முதல் 4 பைட் வரையிலான சாவிகளை எந்தச் சட்டம் கேட்டது? 5 என்று எழுதியிருந்தாலே அன்றைய கெடுபிடிகளுக்குப் போதும். 1 என்பது, எண்ணத் தொடங்கும் எண்ணை அப்படியே எழுதி வைத்ததன் விளைவாக இருக்கலாம். இது ஊகமே, ஆனால் சட்டத்தைக் காரணம் காட்டும் விளக்கத்தைவிட இது ஆவணத்தோடு நன்றாகப் பொருந்துகிறது. இந்த வரம்பு முடிவான ஆண்டைத் திட்டமாகச் சொல்ல இயலாது. புளூடூத் தரத்தை வகுக்கும் கூட்டமைப்பு தொடங்கிய 1998க்கும் 1.0 பதிப்பு வந்த 1999 ஜூலைக்கும் இடையில் என்று கொள்வதே பாதுகாப்பானது.

கீழ்வரம்பைப் பயன்பாட்டின் தலையில் கட்டினால் என்ன ஆகும் என்பதையும் இந்திய வரலாறு காட்டுகிறது. 2001இல் இணைய வங்கிச் சேவைக்கு ரிசர்வ் வங்கி குறைந்தது 128 பிட் பாதுகாப்பைப் பரிந்துரைத்தது. ஒரே நாட்டில் ஒரு துறைக்கு 40 உச்சம், இன்னொரு துறைக்கு 128 தொடக்கம். கேட்கத் தெரிந்த வங்கிக்குக் கீழ்வரம்பு கிடைத்தது. காதில் மாட்டும் கருவிக்காகக் கேட்க யாரும் இல்லை.

மதுரைச் சமவெளியில் இதற்கு நெருங்கிய ஓர் இணை உண்டு. 2001 இறுதியில் மேலூர் வட்டாரக் கிராமங்களில் 'சாரி' திட்டத்தின் இணைய மையங்கள் திறக்கத் தொடங்கின. அவற்றின் கம்பியில்லா இணைப்பு, சென்னை ஐ.ஐ.டி.யில் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு உருவாக்கிய கார்டெக்ட். அதன் அடிப்படையான டெக்ட், வீட்டுக்குள் கம்பியில்லாமல் பேசும் தொலைபேசிக்கு ஐரோப்பா வகுத்த தரம். டெக்டிலும் மறையாக்கம் கட்டாயமில்லை. 64 பிட் சாவியுடைய அதன் மறையாக்க முறை இரகசியமாக வைக்கப்பட்டிருந்தது. 2008 முதல் 2010க்குள் ஆய்வாளர்கள் அதைப் பிரித்தெடுத்து, உடைக்கும் வழியையும் காட்டினார்கள். மறையாக்கத்தைக் கட்டாயமாக்காத அளவில், குறைந்தபட்சம் எது என்பதை இங்கும் தரம் சொல்லாமல் விட்டது.

புளூடூத்தின் சொந்த வரலாற்றிலேயே வலுவான சான்று ஒன்று இருக்கிறது. 2010இல் 4.0 பதிப்போடு வந்த குறைமின் புளூடூத்தில் சாவியின் அளவு 7 முதல் 16 பைட். கீழ்வரம்பு வேண்டும் என்பதை அதே கூட்டமைப்பு அப்போதே உணர்ந்திருந்தது. கிளாசிக் பிரிவில் மட்டும் 1 அப்படியே நின்றது. 2019இல் தாக்குதல் வெளியான பிறகே அங்கும் 7 பைட் வந்தது. 7 பைட் என்பது 56 பிட். ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக்கான வாசனார் உடன்பாடு 1998இல் தடையின்றி விட்ட அளவும் 56 பிட். இந்த ஒற்றுமை தற்செயலாகத் தோன்றவில்லை. இதை ஏற்றால், நாப் ஆசிரியர்களின் விளக்கத்தில் ஒரு பாதி உண்மை என்றாகும்: சட்டம் 1ஐப் பிறப்பிக்கவில்லை, 7ஐப் பிறப்பித்திருக்கலாம். 40 பிட்டைவிட 65,536 மடங்கு பெரியது என்றாலும், டெஸ் என்ற மறையாக்க முறையின் 56 பிட் சாவியை ஒரு தனிப்பொறி 1998 ஜூலையிலேயே 56 மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டது.

2023 நவம்பரில் அன்டோனியோலி வெளியிட்ட 'பிளஃப்ஸ்' தாக்குதல், பலவீனமான ஒரே சாவியை அடுத்தடுத்த இணைப்புகளிலும் கருவிகள் பயன்படுத்தும்படி செய்கிறது. ஒருமுறை உடைத்த 7 பைட் சாவி பல உரையாடல்களைத் திறந்துவிடும். அதன் பின் கூட்டமைப்பு தந்த அறிவுரை: 7 பைட்டுக்குக் குறைந்த இணைப்பை மறுக்க வேண்டும், உச்சப் பாதுகாப்பு நிலையிலேயே எப்போதும் இயங்கக்கூடிய கருவிகள் 16 பைட்டுக்குக் குறைந்த எதையும் மறுக்க வேண்டும். 16 பைட்டுக்குக் கீழே பேரமே கூடாது என்ற விதி எல்லாக் கருவிகளுக்குமானதாக அந்த அறிவுரையிலும் இல்லை.