ஏலமும் ஏடும்: வியட்நாமியச் சித்திரச் சந்தையும் கோவில்பட்டி, சிவகாசிப் பட மரபும்

1. பொருளும் சாட்சியும்

எங்கள் ஆலங்குளத்திலும் அதைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் ஏலம் என்னும் சொல்லுக்கு எவர்க்கும் பொருள் விளக்க வேண்டுவதில்லை. கண்மாய் மீனையும் சாலையோரத்துப் புளியமரங்களின் மகசூலையும் ‘ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம்’ என்று கூவி விடும் அந்த ஏலத்தில், கேட்பவர் மரத்தை அண்ணாந்து நோக்கிக் காய்ப்பைக் கணிக்கிறார். கரைமேல் நின்று நீரின் ஆழத்தை மதிக்கிறார். பொருள் கண்ணெதிரே இருக்க, விலை அதன் பின்னே வருகிறது. சித்திரத்தின் ஏலம் இத்தகையது அன்று. ஹாங்காங்கிலோ லண்டனிலோ மும்பையிலோ ஒரு படம் மேடைக்கு வரும்போது, வாங்குவோர் கண்ணால் காண்பது வண்ணத்தையும் கோட்டையும் மட்டுமே. அவர் பெருந்தொகை கொடுப்பதோ, இப்படம் இன்னாரால் இன்ன ஆண்டில் வரையப்பெற்று, இன்னின்னார் கைமாறி இங்கு வந்து சேர்ந்தது என்னும் வரலாற்றுக்காகும். அவ்வரலாறு கண்ணுக்குப் புலப்படுவதன்று. ஏடு ஒன்றே அதற்குச் சாட்சி.

ஏடு முந்தி விலை பிந்துமாயின் கலைக்கு நன்மை விளையும் என்பதும், விலை முந்தி ஏடு பிந்துமாயின் போலிகள் பெருகிக் கலைஞனுடைய கீர்த்தியும் நாட்டின் சரித்திரமும் ஒருங்கே கெடும் என்பதும் இக்கட்டுரையின் துணிபு. வியட்நாமிய நவீன ஓவியம் ஏலச் சந்தையில் அடைந்த ஏற்றமும் இடரும் இதற்குச் சான்று. அச்சான்றின் ஒளியில், நம் வட்டாரத்துக் கோவில்பட்டி, சிவகாசிப் பட மரபுக்கு நாம் இன்று ஆற்ற வேண்டிய கடமை யாது என்பதை ஆராய்வோம்.

2. ஹனோய்ப் பள்ளியும் மெருகுச் சித்திரமும்

பிரெஞ்சு ஓவியர் விக்தோர் தார்தியேவும் வியட்நாமிய ஓவியர் நாம் சோனும் முயன்று 1925-இல் ஹனோய் நகரில் நிறுவிய இந்தோசீன நுண்கலைப் பள்ளி, 1945 வரை நடந்த இருபது ஆண்டுகளுக்குள், ஒரு நாட்டின் நவீன ஓவியம் முழுமைக்கும் அடித்தளமாயிற்று. பட்டுத்துணியில் வரைந்து புகழெய்திய நுயென் ஃபான் சான், 1930-களில் பிரான்சு சென்று அங்கேயே வாழ்ந்த லே ஃபோ, மாய் ட்ருங் து, வூ காவ் தாம், தாய்நாட்டிலேயே இருந்து 1954-இல் உயிர்நீத்த தோ ஙொக் வான் முதலியோர் அப்பள்ளியின் மாணாக்கர்.

அப்பள்ளியின் தனிச்சிறப்பான சாதனை ‘சொன் மாய்’ எனப்படும் மெருகுச் சித்திரம். இதனை ‘அரக்குச் சித்திரம்’ என்று நாம் மொழிபெயர்த்துவிடுகிறோம். ஆயினும் ஒரு வேற்றுமையை மனத்தில் இருத்துதல் வேண்டும். அம்பாசமுத்திரத்து மரச்சொப்புகளில் நாம் காணும் அரக்கு, பூச்சி சுரப்பது. கடைசலில் சுழலும் மரத்தின்மேல் அரக்குக் கட்டியை அழுத்த, உராய்வின் சூட்டில் அது உருகிப் படிகிறது. வியட்நாமியர் கையாள்வதோ, ஃபூ தோ மாகாணத்து மரமொன்றைக் கீறி வடித்தெடுக்கும் பால். அதனைப் பலகையில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பல பூச்சுகள் பூசி, ஒவ்வொரு பூச்சையும் ஈரக்காற்றில் உலரவிட்டு, இடையிடையே பொன் தகட்டையும் வெள்ளித் தகட்டையும் முட்டையோட்டுத் துண்டுகளையும் பதித்து, இறுதியில் நீர்விட்டு அரைத்துத் தேய்க்கின்றனர். ‘மாய்’ என்னும் சொல்லுக்கே தேய்த்தல் என்பது பொருள். நம் தஞ்சாவூர்ப் படத்தில் மக்குப் பூசி மேடாக்கிய இடத்தின்மேல் பொற்தகடு ஒட்டப்படுவதால் உருவம் மேலெழுந்து நிற்கிறது. மெருகுச் சித்திரத்திலோ மேற்பூச்சு தேயத் தேய, அடியில் மறைந்திருந்த செம்மையும் பொன்னும் வெளிப்பட்டு உருவாகின்றன. எங்கே தேய்ப்பது என்பதினும் எங்கே நிறுத்துவது என்பதை அறிந்த கையே இங்குக் கலைஞன் கையாகிறது.

கோயிற் பலிபீடங்களுக்கும் தட்டுமுட்டுப் பொருள்களுக்கும் உரிய கைவினையாக இருந்த இத்தொழிலை, ஆசிரியர் ஜோசெஃப் ஆங்கேம்பெர்த்தியின் ஊக்கத்தால், நுயென் ஜா த்ரி (1908–1993) முதலிய மாணாக்கர் சுவரளாவிய ஓவியமாக உயர்த்தினர். ஹோ சி மின் நகர நுண்கலை அருங்காட்சியகத்திலுள்ள ஜா த்ரியின் ‘வட, நடு, தென்னாட்டு வசந்தத் தோட்டம்’ என்னும் பெருஞ்சித்திரம் 2013-இல் தேசியப் பொக்கிஷமாக அறிவிக்கப்பெற்றது. அதுவே பின்னர்த் துப்புரவுப் பணியின்போது பாத்திரம் துலக்கும் திரவத்தாலும் உப்புத்தாளாலும் தேய்க்கப்பட்டுச் சேதமுற்றதென 2019-இல் வெளிவந்த செய்தி கலை அன்பர் நெஞ்சைப் புண்படுத்திற்று. தேய்ப்பினால் பிறந்த சித்திரம் தேய்ப்பினாலேயே குன்றியது. இன்ன பூச்சின்மேல் இன்ன பூச்சு என்னும் செய்முறைக் குறிப்பும் ஏட்டின் ஒரு பகுதியே என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டுமோ?

3. விலை முந்திய இடத்தில் நேர்ந்தது

1986-இல் தொடங்கிய பொருளாதாரச் சீர்திருத்தத்தால் வியட்நாமின் கதவுகள் திறந்தன. 1990-களில் பன்னாட்டு ஏல நிறுவனங்கள் தென்கிழக்காசிய ஓவியத்திற்கெனத் தனி ஏலங்கள் நடத்தலாயின. விலை படிப்படியாக ஏறி, மாய் ட்ருங் து 1930-இல் வரைந்த ‘செல்வி ஃபுவோங்கின் உருவப்படம்’ 2021 ஏப்ரலில் ஹாங்காங்கில் சுமார் 31 லட்சம் அமெரிக்க டாலருக்கு விலைபோயிற்று. இந்த ஏற்றம் மகிழத்தக்கதே.

ஆனால் அவ்விலையைத் தாங்கும் ஏடு அந்நாட்டில் இருந்ததா என்பதே வினா. போர்க்காலத்தில் அமெரிக்கக் குண்டுவீச்சுக்கு அஞ்சி ஹனோய் அருங்காட்சியகத்து அசல் ஓவியங்கள் நாட்டுப்புறங்களுக்கு அகற்றப்பெற்று, அவற்றின் இடத்தில் பிரதிகள் தொங்கவிடப்பட்டன. சில பிரதிகளை மூல ஓவியரே எழுதினர். சிலவற்றை மாணாக்கர் எழுதினர். அன்று அது கலையைக் காக்கும் தருமம். எது அசல், எது பிரதி என்று பிழையின்றிக் குறித்துவைக்க அக்காலம் இடந்தரவில்லை. பிற்காலத்துச் சந்தைக்கோ அந்த மயக்கமே விளைநிலமாயிற்று.

அதன் விளைவு 2016 ஜூலையில் உலகறிய வெளிப்பட்டது. ‘ஐரோப்பாவிலிருந்து திரும்பிய ஓவியங்கள்’ என்று ஹோ சி மின் நகர நுண்கலை அருங்காட்சியகத்தில் வைக்கப்பெற்ற 17 படங்களுள், 15 போலி என்றும், எஞ்சிய இரண்டில் கையொப்பங்கள் பொய் என்றும் அந்நிறுவனமே அறிவிக்க நேர்ந்தது. அவற்றுள் ஒன்று, தா தீ என்னும் மூத்த ஓவியர் 1952-இல் வரைந்ததாகக் கையொப்பம் தாங்கி நின்றது. அதன் எதிரே வந்து நின்ற தான் சுவோங் என்னும் ஓவியர், அது 1970-களில் தம் கையால் வரைந்த படமே என்று கூறினார். தன் படத்தின் முன்னே, பிறர் பெயரைப் படித்துக்கொண்டு ஓர் ஓவியர் உயிரோடு நிற்க நேர்ந்த அந்தக் காட்சியை எண்ணுந்தோறும் உள்ளம் நடுங்குகிறது. அவர் இருந்தமையால் உண்மை பேசிற்று. இறந்தவர்க்காக யார் பேசுவர்?

4. சென்னைப் பள்ளியின் இரு கிளைகள்

ஹனோய்ப் பள்ளிக்கு முக்கால் நூற்றாண்டு முந்தியது நம் சென்னைக் கலைப்பள்ளி. 1850-இல் டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய அதில், 1929 முதல் தேவி பிரசாத் ராய் சௌத்ரியும், அவருக்குப் பின் கே.சி.எஸ். பணிக்கரும் தலைமை ஏற்றனர். பணிக்கர் முன்னின்று 1966-இல் ஈஞ்சம்பாக்கத்தில் அமைத்த சோழமண்டல ஓவியர் கிராமம், கைவினைப் பொருள் விற்ற பணத்தால் தன்னைத் தானே தாங்கிக்கொண்டு ஓவியரை வாழ்வித்த அரிய முயற்சி. பணிக்கரின் ‘சொற்களும் சின்னங்களும்’ வரிசைப் படங்களும், இளமையிலேயே மறைந்த கே. ராமானுஜத்தின் கனவுக் காட்சிகளும் இன்று ஏலப் பட்டியல்களில் இடம்பெறுகின்றன. இது ஒரு கிளை.

அதே சென்னைப் பள்ளியில் பயின்ற மற்றொருவர் சி. கொண்டைய ராஜு (1898–1976). திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் சிலகாலம் தங்கி, நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலை எழுதி, இறுதியில் கோவில்பட்டியில் நிலைத்து, டி.எஸ். சுப்பையா, எம். ராமலிங்கம் முதலிய சீடரோடு அவர் எழுதிய தெய்வப் படங்கள், சிவகாசி அச்சகங்களின் வழியே காலண்டர்களாகி நாடெங்கும் பரவின. தமிழ்நாட்டில் எத்தனையோ இல்லங்களில் மீனாட்சியும் முருகனும் கஜலட்சுமியும் எந்த முகத்தோடு வணங்கப்படுகின்றனரோ, அந்த முகம் இக்கையால் வந்தது. கனடா நாட்டு அறிஞர் ஸ்டீபன் இங்லிஸ் அவரைப் பற்றி ஆராய்ந்து எழுதினார். நாம் எழுதியது அதனினும் குறைவு. இது மற்றொரு கிளை. ஏல மேடை இன்னும் முழுக்க எட்டாத கிளை.

எட்டாது என்று இருந்துவிடலாகாது. ராஜா ரவி வர்மா 1894-இல் பம்பாய்ப் பக்கத்தில் தொடங்கிய அச்சகத்தின் வண்ணப் படங்களும் ஒருகாலத்தில் பூஜையறைச் சுவருக்கு உரியவையாகவே கருதப்பட்டன. இன்று அவ்வச்சுப் படங்களே ஏலத்தில் கூறப்படுகின்றன. அவருடைய ‘யசோதா கிருஷ்ணன்’ என்னும் அசல் ஓவியமோ 2023-இல் 38 கோடி ரூபாய் பெற்றது. ரவி வர்மாவின் நிழல் படிந்த இடம் கோவில்பட்டி. ஆகவே சந்தை அங்கும் ஒருநாள் வரும் என்று கருதுவதே விவேகம்.

அந்நாளில் காட்டுதற்கு நம்மிடம் ஏடு உண்டா? ஆலங்குளத்தில் ஓர் இல்லத்துப் பூஜையறையில் நான் கண்ட முருகன் படத்தை இங்கு விவரிக்கின்றேன். கண்ணாடியின்மேல் சந்தனமும் குங்குமமும் இட்டு இட்டு நெற்றியின் இடம் மங்கியிருந்தது. மேல் மூலையில் ஈரம் ஏறிப் பழுப்பாய்ப் படர்ந்திருந்தது. ஆயினும் மயிலின் கழுத்து நீலம் சற்றும் வெளிறவில்லை. எழுதியவர் யாரென அறியும் ஆவலால் கீழ்விளிம்பை நோக்கினேன். சட்டத்தின் அளவுக்குப் படத்தை அடக்குவதற்காக, கண்ணாடிக் கடைக்காரர் கீழே ஓர் அங்குலத்தைக் கத்தரித்திருந்தார். ஓவியர் கையொப்பமும் அச்சகத்தின் பெயரும் வழக்கமாய் இருக்கும் இடம் அதுவே. காலண்டர் கடவுளாகிய அந்த நொடியிலேயே அதன் சரித்திரம் குப்பைக்குப் போயிற்று.

5. மறுப்புகளும் விடைகளும்

‘காலண்டர்ப் படம் கலையாகுமோ?’ என்பது முதல் மறுப்பு. பலிபீட மெருகுத் தொழில் 1925-க்கு முன் கலையென எண்ணப்படவில்லை என்பதை நினைவூட்டுதலே இதற்கு விடை. கைவினை என்றும் கலை என்றும் வகுத்த கோடு சாஸ்திரத்தில் அசையாது நிற்பதன்று. அறிஞர் நோக்கும் பள்ளியின் பயிற்சியும் அதனை நகர்த்துகின்றன.

‘குருவும் சீடரும் சேர்ந்து எழுதிய படத்தை யாருடையதென்பது?’ என்பது இரண்டாவது மறுப்பு, இது கனமானது. இருவர் பெயரும் சேர்ந்து கையொப்பமாக நிற்கும் அச்சுப் படங்கள் உண்டு. ஏலச் சந்தையோ ஒற்றைப் பெயரையே விரும்புகிறது. முகத்தை எழுதிய கை எது, ஆடையாபரணங்களை நிரப்பிய கை எது என்பதை அறிந்த முதியோர் இருக்கும்போதே கேட்டு எழுதிவைத்தால், கூட்டுப்படைப்பு கூட்டுப்படைப்பாகவே மதிக்கப்பெறும். எழுதாவிடில், சீடர் கைவண்ணமெல்லாம் குருவின் பெயரால் விற்கப்படும். இது குருவுக்கும் இழுக்கு, சீடர்க்கும் அநீதி.

‘ஆராய்ச்சியை ஏல நிறுவனங்களே செய்துகொள்ளுமே’ என்பது மூன்றாவது. அவர்தம் பட்டியல்கள் சிலவற்றில் உழைப்பு மிகுதி என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் விற்பவன் எழுதும் பட்டியல் விற்பனையின் ஓர் அங்கம். வழக்கில் கட்சிக்காரனே சாட்சியும் ஆவது எவ்வாறு முறையன்றோ, அவ்வாறே இதுவும்.

சட்டம் காக்குமெனக் கருதுவோரும் உளர். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள், கலைப் பொக்கிஷச் சட்டத்தின்கீழ் ரவி வர்மா உள்ளிட்ட ஒன்பது கலைஞரின் படைப்புகளே கலைப் பொக்கிஷமென நாட்டைவிட்டு வெளியேறாதபடி காக்கப்பெறுகின்றன. அவர்களுள் பணிக்கரும் இல்லை, கொண்டைய ராஜுவும் இல்லை. பதிப்புரிமைச் சட்டத்தில் 1994-இல் சேர்க்கப்பெற்ற 53அ பிரிவு, அசல் ஓவியம் 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையாகும்போது, 10 சதவீதத்தை மிகாத ஒரு பங்கை ஓவியருக்கோ வாரிசுக்கோ வழங்குகிறது. ஆனால் அப்பங்கு, படைப்பின் முதல் உரிமை ஓவியரிடம் இருந்தால்தான் உண்டு; பிறர் பணம் தந்து வரையச் செய்த ஓவியத்தில், வேறு உடன்பாடு இல்லாதவரை, முதல் உரிமை வரையச் செய்தவருக்கே. அச்சகத்திற்கென எழுதிய கோவில்பட்டி ஓவியரின் வாரிசு, உடன்பாட்டைக் காட்டும் ஒரு துண்டுச்சீட்டேனும் இன்றி எதைக் கோர இயலும்? சட்டத்தின் வாயிலிலும் ஏடே திறவுகோல்.

6. செய்யத்தக்கவை

முதலாவதாக, சிவகாசி அச்சகங்களில் எஞ்சியுள்ள அசல் படங்களையும் வேலைப் பதிவேடுகளையும் படமெடுத்து, அளவு, வண்ணம் தீட்டிய பொருள், கையொப்பம், பின்புறக் குறிப்பு, அச்சேறிய ஆண்டு ஆகியவற்றோடு வரிசைப்படுத்துதல் வேண்டும். இரண்டாவதாக, அப்பட்டறையில் பயின்றோரும் அவர் மக்களும் நினைவில் கொண்டவற்றைக் கேட்டுப் பதிதல் வேண்டும். மூன்றாவதாக, இவை யாவும் விற்பனையில் பங்கில்லாத ஓரிடத்தில், சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற பொது நிறுவனத்தில், எவரும் பார்க்கத்தக்கவாறு சேர்தல் வேண்டும். இதற்குப் பெருநிதி வேண்டா. காலம் மட்டும் கடத்தலாகாது.

நான்காவது கடமை நம் இல்லங்களுக்குரியது. ராஜபாளையம் முதல் கோவில்பட்டி வரை எந்த வீட்டிலேனும் பழைய சாமி படத்திற்குப் புதுக் கண்ணாடி போட நேர்ந்தால், விளிம்பை வெட்டாமல் உள்ளே மடித்து வைக்கும்படி கடைக்காரரிடம் சொல்லுங்கள். படத்தின் பின்புறம், அது எந்த ஆண்டில் யார் கொடுத்தது என்பதைப் பென்சிலால் எழுதுங்கள். அந்த முருகன் படத்திற்குரிய வீட்டுப் பெரியவர் அதன் வரலாற்றை எனக்கு வாய்மொழியாகச் சொன்னார்: தம் திருமணத்தன்று ஒரு ஜவுளிக்கடையார் கொடுத்ததாம். அவர் அனுமதியோடு சட்டத்தின் பின்னட்டையைக் கழற்றி, அந்த ஒரு வரியை எழுதி, மீண்டும் மாட்டிவிட்டு வந்தேன்.