நிமிர்ந்தால் முட்டும் மூச்சு: ஆக்சிஜன் அளவீட்டில் ஒரு விடுபாடு

மூச்சுத்திணறலோடு வருபவரைக் கட்டிலில் சாய்த்து, விரலில் பல்ஸ் ஆக்சிமீட்டரை மாட்டி அளவைக் குறித்துக்கொள்வதே வழக்கம். இதயம் வலுவிழந்தவருக்குப் படுத்தால் முட்டும், எழுந்து உட்கார்ந்தால் தணியும் என்பது மருத்துவ மாணவர் மனத்தில் ஆழப் பதியும் பாடம். இதற்கு நேர்மாறாக, நிமிர்ந்தால் முட்டி, மல்லாந்து படுத்ததும் தணிகிற திணறலும் உண்டு. 1949இல் பர்ச்செல் குழுவினர் விவரித்த இந்நிலைக்கு 1969இல் ஆல்ட்மனும் ராபினும் பிளாட்டிப்னியா என்று பெயரிட்டனர். நிமிரும்போது ரத்தத்தில் ஆக்சிஜன் குறைவது ஆர்த்தோடியாக்சியா. இது தவறவிடப்படுவதற்கு இதன் அரிதான தன்மை மட்டும் காரணமன்று. அளவை எழுதும் நாம், அப்போது நோயாளி படுத்திருந்தாரா நின்றிருந்தாரா என்பதை எழுதாததும் காரணம் என்பதே என் வாதம்.

இதற்கு ஒரு காரணம் இதயத்தில் இருக்கிறது. அதன் இரு மேலறைகளுக்கு நடுவே, கருவில் திறந்திருக்கும் ஒரு வழி பிறந்தபின் ஒட்டிவிட வேண்டும். மாயோ கிளினிக் 1984இல் வெளியிட்ட பிரேதப் பரிசோதனை ஆய்வில், 965 இதயங்களில் சுமார் 27 சதவீதத்தில் அது ஒட்டாமலே இருந்தது. அவ்வழி உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு எந்தத் தொல்லையும் இல்லை. ஆகவே இந்தத் துளை மட்டுமே நோயாகாது. பிறவித் துளை அறுபது, எழுபது வயதில் ஏன் திடீரென்று தொல்லை தருகிறது? பெருந்தமனியின் வேர் விரிகிறது, முதுகு கூனுகிறது, அல்லது வலது நுரையீரல் அகற்றப்படுகிறது. இவற்றால் இடைச்சுவர் சாய்கிறது. நிமிரும்போது அந்தச் சாய்வு கூடி, கீழ்ப்பெருஞ்சிரையின் அசுத்த ரத்தம் துளைக்கு நேராகப் பாய்கிறது. இடது மேலறையில்தானே அழுத்தம் அதிகம், ரத்தம் எப்படி எதிர்த்துப் போகும் என்று கேட்கலாம். சராசரி அழுத்தம் மட்டும் திசையைத் தீர்மானிப்பதில்லை. வாய்க்கால் மடைக்கு நேராகத் திரும்பிவிட்டால் நீர்மட்டம் உயராமலே மடைக்குள் நீர் புகும். வலப்பக்க அழுத்தம் இயல்பாக இருந்தும் இந்நோய் கண்டவர்கள் பலர் பதிவாகியிருக்கிறார்கள்.

இதயத்தோடு இது நிற்பதில்லை. கல்லீரல் சுருங்கிய சிலருக்கு நுரையீரலின் அடிப்பகுதியில் நுண்நாளங்கள் விரிந்துவிடுகின்றன. நிற்கும்போது புவியீர்ப்பால் ரத்தம் அங்கேயே கூடுதலாக இறங்கி, போதிய ஆக்சிஜன் ஏறாமல் திரும்புகிறது. இரண்டையும் பிரித்தறியக் குமிழி எக்கோ உதவும். சிரையில் செலுத்திய உப்புநீர்க் குமிழிகள் வலது மேலறையில் தெரிந்து மூன்று துடிப்புக்குள் இடப்பக்கம் வந்தால் இதயத் துளையை ஐயுறலாம். அதற்குப் பிந்தினால் நுரையீரலை. இந்தச் சோதனையையும் படுக்கவைத்து மட்டும் செய்தால் துளை மறைந்துகொள்ளக்கூடும்.

நிற்கும்போது விரல் குளிர்ந்து, கை ஆடி, கருவி பொய்யளவு காட்டலாம் என்ற மறுப்பு நியாயமானதே. ஆனால் அது தமனி ரத்தத்தை எடுத்து இரு நிலையிலும் அளக்கச் சொல்கிறதே தவிர, அளக்காமல் விடச் சொல்லவில்லை. கல்லீரல் சார்ந்த இந்நோயில் ஆக்சிஜன் அழுத்தம் 4 மி.மீ. பாதரசமோ 5 சதவீதமோ குறைந்தாலே அது ஆர்த்தோடியாக்சியாவாகக் கொள்ளப்படுகிறது. நிற்க இயலாத முதியவரைக் கட்டிலோரம் காலைத் தொங்கவிட்டு உட்காரவைத்தும் அளக்கலாம். அரிய நோய்க்காக எல்லாரையும் எழுப்புவதா என்பார்கள். எல்லாரையும் வேண்டாம், ஆக்சிஜன் குறைவுக்கு மார்பு ஸ்கேனில் காரணம் கிட்டாதவரையும், ஆக்சிஜன் கொடுத்தும் அளவு சரிவர ஏறாதவரையும் எழுப்பினால் போதும். துளைதான் காரணம் என்று உறுதியானால், நுரையீரல் தமனியின் அழுத்தத்தைச் சரிபார்த்தபின் தொடைச் சிரை வழியாகக் கருவி செலுத்தி அதை அடைக்க முடியும். பலருக்கு நின்றநிலை அளவு உடனே மேம்படுகிறது. அதைக் கண்டறியாதவரை, படுத்தால் சுகமாகிறவருக்கு முதுமைத் தளர்ச்சி என்றோ மனப்பதற்றம் என்றோ பெயர் சூட்டி, படுக்கையிலேயே இருக்கச் சொல்லி அனுப்பிக்கொண்டிருப்போம்.