கொள்ளைநோயும் நாள்பட்ட நோயாளியும்: இருவழிக் கடமையின் வரலாறு

2020 மார்ச் 24ஆம் நாள் மாலை தமிழகத்தில் தடையுத்தரவு நடைமுறைக்கு வந்தது. மறுநாள் முதல் நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியது. நாம் வாழும் நெய்வேலியில் சுரங்கமும் அனல்மின் நிலையமும் ஓயவில்லை. மின்சாரம் இன்றியமையாப் பணி என்பதால் தொழிலாளர்கள் முகக்கவசம் அணிந்து ஷிப்டுக்குச் சென்று வந்தனர். பள்ளிவாசல்களில் மட்டும் பாங்கொலி கேட்டது. தொழ வருவோர் இல்லை.

1935இல் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு வெட்டியபோது கரிய நிறப் பொருள் வெளிப்பட்டதையும், 1956இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் உருவானதையும் நம் பகுதி மக்கள் அறிவர். இந்நிறுவனத்தில் இளமையில் வேலைக்குச் சேர்ந்தோர் பலர் இன்று முதியோர். ஓய்வுக்குப் பின் வடக்குத்து, இந்திரா நகர், மந்தாரக்குப்பம் எனச் சுற்றுப்புறங்களில் குடியமர்ந்துள்ளனர். நீரிழிவும் இரத்த அழுத்தமும் சுவாச நோயும் அவர்களில் பலருக்கு அன்றாடத் துணை.

அத்தகைய அன்பர் ஒருவர், சுரங்கத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர், நீண்ட காலமாக இன்சுலின் ஊசி போட்டுக்கொள்பவர், அந்நாட்களில் தொலைபேசியில் நம்மிடம் கேட்டார்: "ஹஜ்ரத், நாற்பது வருஷமா முதல் ஸஃப்பில் நின்றவன் நான். மவுத்துக்குப் பயந்து ஜமாஅத்தை விட்டால் ஈமானில் குறை வந்துவிடாதா?"

இக்கேள்வி புதியதன்று. ஏறத்தாழ ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்னரே இது எழுப்பப்பட்டு, விடையும் தரப்பட்டுள்ளது.

ஸர்கில் நடந்த ஆலோசனை

ஹிஜ்ரி 18ஆம் ஆண்டு வாக்கில் ஷாம் நாட்டின் அம்வாஸ் பகுதியில் தாஊன் எனும் கொள்ளைநோய் மூண்டது. அந்நாட்டை நோக்கிப் புறப்பட்ட கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஸர்க் என்னுமிடத்தில் இச்செய்தியை அறிந்தார்கள். முஹாஜிர்களையும் அன்ஸாரிகளையும் தனித்தனியே அழைத்துக் கலந்தார்கள். இரு சாராரிடமும் கருத்து வேறுபாடு இருந்தது. பின்னர் குறைஷி மூத்தோரை அழைத்தபோது அவர்கள் ஒரே குரலில் திரும்பிவிடுமாறு கூறினர். அமீனுல் உம்மத் எனப் போற்றப்படும் அபூஉபைதா (ரலி) அவர்கள், அல்லாஹ்வின் விதியை விட்டு ஓடுவதா என வினவினார்கள். அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதிக்கே செல்கிறோம் என்ற கருத்தில் உமர் (ரலி) அவர்கள் விடையளித்தார்கள். ஆலோசனையின்போது அங்கில்லாத அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் பின்னர் வந்து, நோயுள்ள ஊருக்குள் நுழைய வேண்டாம், இருக்கும் ஊரில் நோய் வந்தால் அதற்கு அஞ்சி வெளியேறவும் வேண்டாம் என்ற நபிமொழியை எடுத்துரைத்தார்கள்.

நம் அன்பரின் வினாவும் அபூஉபைதா (ரலி) அவர்களின் வினாவும் ஒன்றே. இதைச் சொன்னதும் அவருடைய மனம் சற்றுத் தெளிந்தது. எனினும் ஸர்க் நிகழ்ச்சி பயணியைப் பற்றியது. நாள்பட்ட நோயோடு வாழ்பவருக்கு இன்னும் அணுக்கமான சான்று ஒன்று இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் உள்ளது.

கஅபாவருகே ஒரு பெண்மணி

குஷ்டநோயுற்ற பெண்ணொருத்தி கஅபாவைத் தவாஃப் செய்துகொண்டிருந்தார். உமர் (ரலி) அவர்கள் அவரை அணுகி, மக்களுக்குத் துன்பம் நேராதவாறு வீட்டிலேயே இருந்தால் நலம் என அறிவுறுத்தினார்கள். அப்பெண் அவ்வாறே இல்லத்தில் அமர்ந்தார். உமர் (ரலி) அவர்களின் மறைவுக்குப் பின் ஒருவர் வந்து, தடுத்தவர் இறந்துவிட்டார், இனி வெளியே வரலாம் என்றார். அவர் உயிரோடிருந்தபோது கீழ்ப்படிந்து, இறந்தபின் மாறுசெய்பவள் தாமல்லர் என்று அப்பெண் மறுத்துவிட்டார்.

இங்கு ஒன்றைத் தெளிவுபடுத்துவது கடமை. தொழுநோய் எளிதில் தொற்றுவதன்று என்பதும், கூட்டு மருந்துச் சிகிச்சையால் முற்றிலும் குணமாகும் என்பதும் இன்றைய மருத்துவம் நிறுவிய உண்மைகள். இன்று அந்நோயாளரை ஒதுக்கி வைக்க எந்த நியாயமும் இல்லை. நாம் இந்நிகழ்ச்சியில் கற்பது நோயின் தன்மையை அன்று. கண்காணிப்பார் இல்லாதபோதும் பிறர் நலன் கருதிக் கட்டுப்பட்ட ஓர் உள்ளத்தின் தன்மையையே.

இதனை நம் அன்பரிடம் கூறினோம். அவர் வீட்டில் இருந்துகொண்டார். 2020 ஏப்ரல் 25இல் தொடங்கிய ரமளானில் தராவீஹையும் மனைவியோடு வீட்டிலேயே தொழுதார். பின்னர் ஒரு நாள் அவர் கேட்டது நம்மைத் திகைக்க வைத்தது: "அந்தம்மா வீட்டில் இருந்தாங்க, சரி. அவங்களுக்குச் சோறு யார் கொடுத்தா ஹஜ்ரத்?"

அந்த அறிவிப்பைப் பலமுறை பாடமாக நடத்திய நமக்கு இவ்வினா ஒருபோதும் எழவில்லை. ஊசிமருந்து தீர்ந்து இரண்டு நாள் தவித்தவருக்கு அது எழுந்தது. அதன்பின்னரே நாம் மீண்டும் நூல்களைத் திறந்தோம்.

இருக்கச் சொன்னவரின் பொறுப்பு

அப்பெண்ணுக்கு உணவளித்தவர் யாரென முவத்தா கூறவில்லை. ஆனால் அதே உமர் (ரலி) அவர்கள் ஷாமின் ஜாபியாவுக்குச் செல்லும் வழியில் குஷ்டநோயுற்ற கிறிஸ்தவர் சிலரைக் கண்டு, தர்ம நிதியிலிருந்து அவர்களுக்கு வழங்கவும் உணவு கிடைக்கச் செய்யவும் ஆணையிட்டதை வரலாற்றாசிரியர் பலாதுரீ பதிவு செய்துள்ளார். உமய்யா கலீஃபா வலீத் இப்னு அப்துல் மலிக், குஷ்டநோயாளருக்கு உதவித்தொகை வழங்கி, இனி மக்களிடம் கையேந்த வேண்டாம் என்றதையும், நடக்க இயலாதவருக்குப் பணியாளரையும் பார்வையற்றவருக்கு வழிகாட்டியையும் அமர்த்தியதையும் தபரீ குறிப்பிடுகிறார். ஆக, விலகியிருக்கும் கடமை நோயாளிக்கு உண்டெனில், அவரைத் தாங்கும் கடமை ஆட்சிக்கும் சமுதாயத்துக்கும் உண்டு.

இரண்டில் ஒன்று தவறும்போது நேர்வதற்கும் வரலாற்றில் சான்றுண்டு. ஹிஜ்ரி 833இல் கெய்ரோவில் தாஊன் பரவியபோது மக்கள் நோன்பிருந்து பாலைவெளியில் திரண்டு பிரார்த்தித்தனர். அதற்கு முன் நாளொன்றுக்கு நாற்பதுக்கும் குறைவாயிருந்த இறப்பு, ஒரு மாதத்திற்குள் ஆயிரத்தைத் தாண்டியதை ஹாஃபிழ் இப்னு ஹஜர் அஸ்கலானீ (ரஹ்) அவர்கள் எழுதியுள்ளார்கள். தம் புதல்வியரைத் தாஊனுக்குப் பறிகொடுத்த தந்தையின் எழுத்து அது.

மறுபக்கம், பராமரிப்பு இல்லாத கட்டுப்பாடு. 1865இல் மக்காவில் காலரா பரவியதைத் தொடர்ந்து, 1866இல் கான்ஸ்டாண்டிநோபிளில் கூடிய பன்னாட்டுச் சுகாதார மாநாடு ஹஜ் பயணிகள் மீது கண் வைத்தது. பின்னர் செங்கடலின் கமரான் தீவில் உஸ்மானிய அரசு அமைத்த தடுப்பு நிலையத்தில் இந்திய ஹாஜிகள் நாட்கணக்கில் நிறுத்தப்பட்டனர். அதற்குக் கட்டணமும் செலுத்தினர். பம்பாய்ப் பிளேக்கை அடுத்து 1897இல் இந்தியாவிலிருந்து ஹஜ் பயணமே நிறுத்தப்பட்டது. அதே ஆண்டு இயற்றப்பட்ட கொள்ளைநோய்ச் சட்டமே 2020இலும் கையாளப்பட்டது. நோயாளியைக் குற்றவாளியாக நோக்கும் பார்வையிலிருந்துதான் சுகாதாரத் துறையைக் கண்டு அஞ்சும் மனநிலை நம் மக்களிடம் வேரூன்றியது.

நம் கண் முன் நடந்தவை

2020இல் இரு முகங்களையும் கண்டோம். டில்லி நிஜாமுத்தீன் கூட்டத்திற்குச் சென்று வந்தோர் மீது ஊடகங்கள் சிலவற்றில் வெறுப்பு கொட்டப்பட்டது. அவ்வழக்குகள் சிலவற்றை அதே ஆண்டு ஆகஸ்டில் ரத்து செய்த பம்பாய் உயர்நீதிமன்றத்தின் அவுரங்காபாத் அமர்வு, அவர்கள் பலிகடாக்களாக்கப்பட்டதாகக் கருதியது. மே மாதத் தொடக்கத்தில் கோயம்பேடு சந்தையிலிருந்து திரும்பிய ஏழைத் தொழிலாளர்களால் நம் கடலூர் மாவட்டத்தில் தொற்று பெருகியபோது அவர்களும் அதே பார்வைக்கு ஆளாயினர். தப்லீக் அன்பர்களுக்கு நேர்ந்ததற்கு வருந்திய நம்மில் சிலரே இந்தக் கூலித் தொழிலாளர்களைப் பழித்துப் பேசியதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இன்னொரு கொடுமையும் உண்டு. அரசின் அன்றாட அறிக்கை இறந்தோரின் வயதையும் இணைநோயையும் வெளியிட்டது. மருத்துவருக்கு அது தேவையான விவரம். நம் திண்ணைப் பேச்சிலோ அது ஆறுதலாகிவிட்டது: "அவருக்கு ஏற்கெனவே சர்க்கரை இருந்ததாம்." சர்க்கரை நோயுள்ளவர் உயிர் விலை குறைந்தது போன்ற பேச்சு அது. நம் அன்பரும் அதைக் கேட்டுக்கொண்டுதான் வீட்டில் அமர்ந்திருந்தார்.

நல்லவையும் நடந்தன. அந்த ரமளானில் நோன்புக் கஞ்சிக்கென அரசு வழங்கும் பச்சரிசி பள்ளிவாசலில் காய்ச்சப்படாமல் குடும்பங்களுக்கு அரிசியாகவே வழங்கப்பட்டது. நம் மஹல்லாவின் இளைஞர்கள் சிலர் முதியோரின் மருந்துச் சீட்டுகளைத் திரட்டி, வாரந்தோறும் மருந்து வாங்கி வாசலில் வைத்துச் சென்றனர். 2021 ஆகஸ்ட் 5இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் உரிய மருந்துகளை இல்லத்திற்கே கொண்டுவந்தது. வலீத் அமர்த்திய பணியாளரின் நினைவு நமக்கு எழுந்தது. 2021 ஹஜ்ஜுக்கு நாள்பட்ட நோயற்றோரே அனுமதிக்கப்பட்டனர். கஅபாவருகே தடுக்கப்பட்ட அப்பெண்மணியின் நிலையில் அவ்வாண்டு எத்தனையோ பேர் இருந்தனர்.

நம் அன்பர் இன்று மீண்டும் முதல் ஸஃப்பில் நிற்கிறார். இருமல் வந்தால் மட்டும் தாமாகவே வீட்டில் தொழுகிறார், யாரும் சொல்வதில்லை. அவருக்கு விலகியிருக்கும் சட்டத்தை ஒரே தொலைபேசி உரையாடலில் சொல்லிவிட்டோம். அவரைத் தாங்கும் சட்டத்தைத் தேட நமக்கு மாதங்கள் ஆயின, அதையும் அவரே கேட்க வேண்டியிருந்தது. அடுத்த கொள்ளைநோய் எப்போது வரும் என்பதை அல்லாஹ்வே அறிவான். அது வருமுன், தத்தம் மஹல்லாவில் அன்றாடம் மருந்தை நம்பி வாழ்வோர் யார் யார் என்ற பட்டியல் ஒன்று ஒவ்வொரு பள்ளிவாசலிலும் இருக்கட்டும். வீட்டில் இருங்கள் என்று சொல்லும் தகுதியை அப்பட்டியலே நமக்குத் தரும்.