எழுத்து இடர்ப்பாடு (குழந்தைகளிடத்து)

வயதுக்கேற்ற அறிவும் போதிய பயிற்சியும் வாய்த்திருந்தும், கையால் எழுதும் காரியத்தில் மட்டும் ஒரு குழந்தை தன் வகுப்பினரினும் வெகுவாகப் பின்தங்கி நிற்கும் நிலை எழுத்து இடர்ப்பாடு எனப்படும்; மருத்துவர்கள் இதை டிஸ்கிராபியா என்பர். அமெரிக்க மருத்துவரான சாமுவேல் ஆர்ட்டன் 1937-இல் வெளியிட்ட நூலில், குழந்தைகளின் படிப்பிலும் பேச்சிலும் காணும் கோளாறுகளோடு எழுத்துக் கோளாறையும் சேர்த்து ஆராய்ந்தார். இந்தியாவில் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதனைக் கற்றல் குறைபாடுகளுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆயினும் வகுப்பறைகளில் இன்றளவும் இதற்குச் சோம்பல் என்றும் அலட்சியம் என்றுமே பெயர் வழங்குவது மிகவும் வருந்தத்தக்கது.

எழுதுதல் ஒரே காரியம்போலத் தோன்றினும், உண்மையில் பல காரியங்கள் ஒருங்கே நிகழும் கூட்டுச் செயலாகும். காதில் விழுந்த ஒலிக்குரிய எழுத்து எதுவென்று தெளிந்து, அதன் வடிவத்தை ஞாபகத்திலிருந்து வரவழைத்து, எங்கே தொடங்கி எங்கே வளைப்பதென்று நிச்சயித்து, விரல்களை அவ்வாறே நடத்தி, கோட்டை விட்டு விலகாமல் கண்ணால் காத்து, இவ்வளவுக்கும் நடுவே சொல்ல வந்த கருத்தையும் நழுவவிடாமல் பிடித்திருக்க வேண்டும். பழகிய கைக்கு இவை தாமாக நிகழ்கின்றன. இடர்ப்பாடுள்ள குழந்தைக்கோ ஒவ்வோர் எழுத்தும் தனிப் பிரயாசையாகிவிடுவதால், கருத்துக்கென மனத்தில் இடமே மிஞ்சுவதில்லை. காக்கையும் நரியும் கதையைக் குரலை ஏற்றியிறக்கி அழகாகச் சொல்லும் சிறுவன், அதையே நோட்டில் எழுதச் சொன்னால் மூன்று வரியோடு நிறுத்திவிடுவது இதனாலேயே. அவன் பென்சிலை அழுத்தும் வேகத்தில் முனை ஒடியும், தாளின் மறுபக்கத்தில் தழும்பு எழும்பும், கட்டைவிரல் நோகும்.

தடை எந்தப் படியில் இருக்கிறதென்று கண்டறிவதே முதல் வேலை. எழுத்து அட்டைகளைக் கொடுத்து ஒரு சொல்லை அடுக்கச் சொன்னால் பிழையின்றி அடுக்கும் குழந்தை, அதே சொல்லைப் பென்சிலால் எழுதத் தடுமாறுமாயின், தடை பெரும்பாலும் கைலாகவத்தைப் பற்றியது. அட்டையிலும் தவறுமாயின் ஒலியையோ எழுத்து ஞாபகத்தையோ பற்றியது. பார்வைக் குறையும் கவனக் குறையும் இதே தோற்றத்தைக் காட்டக்கூடுமாதலால், அவற்றையும் முன்னதாகவே பரிசோதிக்க வேண்டும். எழுத்துக்களை இடவலம் மாற்றி எழுதுவது ஏழு வயதுவரை பல குழந்தைகளிடம் சாதாரணமாகக் காண்பது. அதை மட்டும் கண்டு அஞ்சவேண்டியதில்லை.

தமிழ் எழுத்துக்கென்று சில விசேஷச் சிரமங்கள் உண்டு. ‘கொ’ என்பதில் முதலில் ஒலிப்பது ககரமெய். முதலில் எழுதுவதோ ஒற்றைக் கொம்பு. ஒலியின் வரிசையும் கையின் வரிசையும் மாறுபடும் இவ்விடத்தில் குழந்தை திகைப்பது இயல்பு. உகரம் ஏறிய எழுத்துக்களுக்கோ ஒரே விதி இல்லை: கு, டு, மு முதலியன ஒரு வகையாய் வளைய, சு, பு, வு முதலியன கீழே நேராக இறங்க, து, நு, லு முதலியன சுழித்து மேலேறுகின்றன. புள்ளி விடுபட்டுப் ‘பட்டம்’ என்பது ‘படடம’ ஆவது அன்றாடம் காணும் பிழை. 1978-இல் தமிழக அரசு, பெரியார் வற்புறுத்திவந்த சீர்திருத்தத்தை ஏற்று ணா, றா, னா, ணை, லை முதலிய 13 எழுத்துக்களின் தனி வடிவங்களை நீக்கியது, இளங்கைகளின் பாரத்தைக் கொஞ்சமேனும் குறைத்தது என்பது என் அபிப்பிராயம்.

பரிகாரங்களுள் முதலில் விலக்க வேண்டியது ‘நூறு தரம் எழுது’ என்னும் தண்டனை. தவறான அசைவை நூறு தரம் செய்த விரல், அந்தத் தவற்றையே கற்றுக்கொள்கிறது. எழுத்தின்மேல் வெறுப்பும் வேரூன்றிவிடுகிறது. அதைவிட, நாள்தோறும் பத்து நிமிடம், ஒரே அசைவில் பிறக்கும் இரண்டு மூன்று எழுத்துக்களை, ட, ப, ம என்பதுபோல், பெரிதாகக் கரும்பலகையிலும் மணலிலும் எழுதிப் பழக்குவது பலன் தரும். மணலில் விரலால் எழுதுவது நம் திண்ணைப் பள்ளிகளின் பழைய வழக்கம். சென்னை எழும்பூரில் அனாதைச் சிறுவர் விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார், நாட்டுப் பள்ளி ஒன்றில் இதைக் கண்டு வியந்து தம் விடுதியிலும் கைக்கொண்டு, 1797-இல் லண்டனில் நூலாகவும் வெளியிட்டார். வடிவத்தைக் கண் மட்டுமின்றித் தோளும் விரல்நுனியும் சேர்ந்து உணர்வதே இம்முறையின் வலிமை. தம் கையெழுத்தின் அழகின்மைக்காக வெட்கியதைத் தம் சுயசரிதையில் எழுதிய காந்தியடிகள், எழுத்துக்கு முன் சித்திரம் வரையக் கற்பிக்கவேண்டும் என்று கூறியதும் இங்கே நினைக்கத்தக்கது. மாவு பிசைதல், பூத் தொடுத்தல், பொத்தான் மாட்டுதல் ஆகிய வீட்டு வேலைகளும் விரல்களுக்கு உறுதி தருவன.

உட்காரும் விதத்திலும் கருத்து வேண்டும்: பாதங்கள் தரையில் படிந்து, மேசை முழங்கை உயரத்தில் இருத்தல் நன்று. இடக்கைக் குழந்தையை வலக்கைக்கு மாற்றலாகாது. தாளின் மேல்முனையை வலப்பக்கம் சாய்த்து வைத்து, பென்சிலைச் சற்று மேலே பிடிக்கச் சொன்னால், எழுதிய எழுத்தைத் தன் கையே மறைக்கும் சங்கடம் தீரும். நான்கு விரலால் பிடிப்பதும், வலியில்லாவிட்டால், குற்றமன்று. இத்தனைக்கும் பின்னும் முன்னேற்றம் தென்படாவிடில் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஒருவரை நாடுவதே முறை.

பயிற்சி நடக்கும் காலத்தில் குழந்தையின் கல்வி காத்திருக்கக்கூடாது. உபாத்தியாயர் விடையை வாய்மொழியாகக் கேட்கலாம்; கரும்பலகையைப் பார்த்து எழுதும் வேலையைக் குறைக்கலாம்; கருத்துக்கு வேறாகவும் கையெழுத்துக்கு வேறாகவும் மதிப்பெண் இடலாம். உரிய சான்றிதழ் பெற்றவர்க்குத் தேர்வில் கூடுதல் நேரமும், சொல்வதை எழுதுபவரின் துணையும் கிடைக்கும். வளர்ந்த குழந்தைக்குத் தட்டச்சு பெருந்துணை. 1999-இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையில் ககரத்தையும் ஒகரத்தையும் ஒலிக்கும் வரிசையிலேயே தட்டினால் ‘கொ’ தோன்றுகிறது. ககரத்தை இருமுறை தட்டினால், விடுபட்டுக்கொண்டே வந்த அந்தப் புள்ளியையும் கருவியே இட்டுவிடுகிறது.